தொப்பூர் இறக்கத்தில் மிச்சமாகும் டீசல்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போய்வருகிற யாருக்கும் தொப்பூர் கணவாயின் ஒலிபெருக்கி தெரிந்திருக்கும். இறக்கம் வருகிறது, கியரிலேயே இறக்குங்கள், நியூட்ரல் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பலகைகளும் அதையே சொல்கின்றன. போலீஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டியும் சொல்லிப் பார்க்கிறார்கள். அப்படியும் லாரிகள் நியூட்ரலில் இறங்குவது நின்றபாடில்லை.

நான் லாரி ஓட்டுகிறவன் இல்லை, லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். நல்லம்பள்ளி, தர்மபுரி பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்காய் மண்டி, சில ஹார்டுவேர் கடைகள் என்று என் பிழைப்பு ஓடுகிறது. கசங்கிய பில்களை நீவி, தேதி வாரியாக ஒட்டி, பேரேட்டில் ஏற்றுவது வேலை. ஓட்டுநர்கள் ஏன் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பதற்கான பதில் அந்த பில்களுக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மேட்டு நிலம், சேலம் பள்ளம். பெங்களூரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (பழைய ஆட்களுக்கு இன்றும் அது ‘என்எச் ஏழு’தான்) இந்த வித்தியாசத்தைத் தொப்பூர் மலைகளுக்கு நடுவே சில கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்க்கிறது. இறக்கத்தோடு வளைவும் உண்டு. மேலே கட்டமேடு, கீழே இரட்டைப் பாலம். இந்த இரண்டு பெயர்களும் தினசரிகளின் தர்மபுரிப் பக்கத்தில் வராத மாதம் குறைவு. 2020 டிசம்பர் 12 அன்று, ஏற்கெனவே நெரிசலில் நின்றிருந்த வண்டிகளுக்குள் சிமெண்ட் லோடு லாரி ஒன்று புகுந்தது. கார்கள் அடுக்கடுக்காக நசுங்கின, 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று நடந்ததன் கேமரா காட்சியைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால் போன லாரியை இடித்துத் தள்ள, நடுவில் கார்கள் சிக்கிக்கொள்ள, பாலத்திலேயே தீ. அன்றைக்கும் 4 பேர்.

இரண்டு முறையும் காதில் விழுந்தது ஒரே வாசகம்தான், ‘பிரேக் பிடிக்கல’.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதை எனக்கு விளக்கியவர் பெரியப்பா. சங்ககிரியில் ஏற்றி, நாக்பூர் வரை இறக்கிப் பழகியவர். இப்போது முட்டி வலியோடு வீட்டில் இருக்கிறார். அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். லாரியின் பிரேக் என்பது சுழலும் இரும்பு டிரம்மின் உள்பக்கத்தில் லைனரை, அதாவது உராய்வுப் பட்டையை, வைத்து அழுத்துவது. ஓட்டத்தை நிறுத்துகிறது என்றால் அந்த ஓட்டத்தின் சக்தி முழுவதையும் சூடாக மாற்றுகிறது என்று அர்த்தம். சமதளத்தில் அவ்வப்போது அழுத்தினால் சூடு காற்றில் போய்விடும். இறக்கத்தில் அழுத்திய காலை எடுக்காமல் வந்தால் சூடு போக வழியில்லை. டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரைக் கட்டிவைத்திருக்கும் பிசின் வெந்து, மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். அப்புறம் மிதித்தால் கால் போகும், வண்டி நிற்காது. விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கை இயக்க டேங்கில் இருக்கும் காற்று வேறு குறையும். லைனர் கருகும் வாடை கேபினுக்குள் வந்துவிட்டால் ஏற்கெனவே பாதிப் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமாம்.

கியரில் இறங்கினால் இந்த வேலையில் பெரும்பகுதியை எஞ்சினே எடுத்துக்கொள்ளும். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வண்டி தானாகவே தயங்கும். புகை போகும் வழியை அடைத்து எஞ்சினை இன்னும் தயங்க வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. நியூட்ரல் போட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மொத்தப் பாரமும் லைனர் மேல். “ஏறுன கியர்லயே இறங்குடா, அவ்வளவுதான் பாடம்” என்பார் பெரியப்பா.

சரி, இது அத்தனை ஓட்டுநருக்கும் தெரியும். தெரியாமல் யாரும் நியூட்ரல் போடுவதில்லை.

என் மச்சான் இரண்டு பத்து வீல் லாரி வைத்திருக்கிறான். அவன் கணக்கும் என்னிடம்தான். அவன் வண்டியில் மட்டுமில்லை, நான் எழுதும் எல்லா லாரிக் கணக்கிலும் டீசல் இப்படித்தான் போகிறது. லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று ஒரு மைலேஜ் பேசி வைத்திருப்பார்கள். ட்ரிப்பின் தூரத்தை அதால் வகுத்து டீசல். அதற்குள் போய்வந்து மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு. கூடுதலாகக் குடித்தால் பேட்டாவில், அதாவது ட்ரிப் படியில், பிடித்தம். பேட்டாவே பெரிய தொகை இல்லை. வழியில் சாப்பாடு, குளியல், டயர் பஞ்சர், அங்கங்கே ‘மாமூல்’ எல்லாம் போக வீட்டுக்கு என்ன கொண்டுபோகிறார் என்பது மிச்சம் பிடித்த டீசலில் இருக்கிறது. ஆக, தொப்பூர் இறக்கம் அந்த மனிதருக்கு இலவசமாக வண்டி ஓடும் இடம்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு கிலோமீட்டர் இறக்கம், லிட்டருக்கு நாலு என்றால் ஒன்றரை லிட்டர். முழுசும் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் நூற்றைம்பது ரூபாய் கூட வராது. அதிலும் ஒரு வேடிக்கை. இன்றைய வண்டிகளில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் போவதை எலக்ட்ரானிக் பெட்டியே அடைத்துவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்கில் வைத்திருக்க டீசல் குடிக்கும். அதாவது இறக்கத்தின் மேல் இருக்கும் வரை கியரில் வருகிறவருக்குத்தான் லாபம். மச்சான் இதை ஒத்துக்கொண்டான். ஆனால், “மாமா, அவன் பார்க்கிறது இறக்கத்தை இல்ல. இறங்குற வேகத்துல தொப்பூர் தாண்டி அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடுதுன்னுதான்” என்றான். அது நியாயமான பதில். பிரேக் போடாமல் சேர்த்த வேகம் கீழே போய் உண்மையிலேயே டீசலாகிறது. மெதுவாக இறங்கினால் அது கிடைக்காது. பாதுகாப்பாக இறங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை ஓட்டுநர் தலையில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒலிபெருக்கி யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். மைலேஜ் பேசியவர் தர்மபுரியில் இருக்கிறார். விடிவதற்குள் மதுரையில் இறக்க வேண்டும், இல்லையென்றால் வாடகையில் பிடிப்பேன் என்றவர் பெங்களூரில் இருக்கிறார். பாரம் எவ்வளவு என்பதை இந்த இருவரும் தீர்மானித்தாயிற்று. (அரசே 2018 ஜூலையில் பத்து வீல் வண்டியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றியது. டிரம்முக்கும் லைனருக்கும் அரசாணை அனுப்ப முடியாது.) 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. அறுபது வருஷத்துக்கும் மேல் இருந்த சட்டம். நான் கணக்கு எழுதும் எந்த வண்டியிலும் அந்த எட்டு மணி நேரத்தின் தடம் இல்லை. இரண்டாவது ஓட்டுநர் போட்ட காலம் போய் கிளீனரும் போய், இப்போது பல வண்டிகளில் ஒற்றை ஆள்.

விபத்து நடந்ததும் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது ஓட்டுநரின் பெயர், அவர் உயிரோடு இருந்தால். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினார். முடிந்தது. அந்த ட்ரிப் ஷீட்டை, லைனர் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற பில்லை யாரும் என்னைப் போன்றவர்களிடம் வந்து கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. புதிய குற்றவியல் சட்டத்தில், விபத்து ஏற்படுத்திவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்றொரு பிரிவு வந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடக்கே லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது, மத்திய அரசு அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தது. அதே மாதம்தான் தொப்பூரில் அந்த 4 பேர் இறந்தார்கள். தண்டனையைக் கூட்டுவது பற்றி நாடே விவாதித்தது. மைலேஜ் கணக்கு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கணவாயில் உயர்மட்டச் சாலை வரப்போகிறது. ஆறரை கிலோமீட்டர் அளவுக்கு. வரட்டும், வரவேற்கிறேன். சரிவும் வளைவும் குறைந்தால் சாவு குறையும், அதில் சந்தேகமில்லை. சொல்லப்போனால் ஆயிரம் பலகையை விட ஒரு நல்ல சாலை மேல், ஏனென்றால் சாலை யாருக்கும் புத்தி சொல்வதில்லை. ஆனால் பேட்டாவில் பிடிக்கும் வழக்கம் பாலத்தின் மேலும் அதே வழக்கம்தான்.

இதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்த பிறகு, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் தவறான திசையைப் பார்த்து நிற்பது போலத் தோன்றுகிறது. காட்டுத் தீயை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் இலை உதிர்ந்து, உண்ணிச்செடி காய்ந்து, தொப்பூர்க் காட்டிலிருந்து சித்தேரி, வத்தல்மலை வரை எல்லாம் விறகாகிவிடும். ‘வனத்தில் தீ வைக்காதீர்’ பலகை மாடு மேய்க்கிறவரைப் பார்த்து நிற்கும். புதுப்புல்லுக்காகக் கொளுத்துகிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து எறிந்த பீடியும், மலையில் சமைத்துத் தின்றுவிட்டு அணைக்காமல் வந்த அடுப்பும் அதே தீதான். இந்தியக் காடுகளில் பெரும்பாலான தீ மனிதர் கை பட்டதே. தீப்பிடித்தால் இப்போது செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடுகிறது. 375 மீட்டர் கட்டம் கட்டமாகப் பார்க்கும் விஐஐஆர்எஸ் கருவி, அதிலிருந்து வன ஊழியரின் செல்போனுக்கு எஸ்எம்எஸ். விண்வெளியிலிருந்து செய்தி வந்துவிடும். வந்த பிறகு மலையேறி அணைக்கப் போவது சீசனுக்கு மட்டும் கூலிக்கு எடுத்த உள்ளூர் ஆள், கையில் பச்சைத் தழை. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் இறந்தபோது மலையேற்ற அனுமதி பற்றி விசாரணை வந்தது, விதிகள் வந்தன, நல்லது. தழையோடு தீக்குள் இறங்குகிறவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்ற கேள்வி மட்டும் இன்னும் பேச்சில் கூட வருவதில்லை.

மாம்பழம். கிருஷ்ணகிரிக்காரர்களிடம் இதைப் பேசினால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மே மாதம் ஆனால் டிவியில் ஒரு செய்தி கட்டாயம்: கல்லு வைத்துப் பழுக்க வைத்த பழம் பறிமுதல், பொதுமக்கள் பார்த்து வாங்கவும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலேயே தடை. எத்திலீன் வாயுவை அளவோடு, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை, பயன்படுத்தலாம் என்று 2016இல் வழி காட்டியாயிற்று. கார்பைடில் ஈரம் பட்டால் அசெட்டிலீன் வரும், கூடவே ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் தொற்றி வரலாம். வாங்குகிறவர் எப்படிப் ‘பார்த்து’ வாங்குவார்? மேலே ஒரே சீரான மஞ்சள், காம்புப் பக்கம் புளிப்பு என்று அடையாளம் சொல்வார்கள். அறுத்த பிறகுதானே தெரியும்.

மண்டிக் கணக்கில் நான் பார்த்தது இது. விலை சரியும் என்ற பயத்தில் தோட்டத்தில் முற்றாத காயையே பறித்து அனுப்புகிறார்கள். மண்டிக்கு வந்த காய் இரண்டு நாளில் நிறம் மாறி வெளியூர் லாரியில் ஏற வேண்டும். எத்திலீன் அறை கட்ட முதல் வேண்டும், கல் பொட்டலத்துக்குச் சில்லறை போதும். அந்தப் பொட்டலத்தைக் காகிதத்தில் மடித்து, வெறும் கையால் கூடைக்குக் கூடை செருகுவது யார்? குடோனில் வேலை செய்கிற பெண்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, கண் எரிச்சல், இருமல். தின்கிறவர் ஒரு நாள் ஒரு பழம் தின்பார். அவர்கள் சீசன் முழுக்க அந்தக் கதவடைத்த அறைக்குள் இருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பு என்ற தலைப்பில் வந்த எந்தச் செய்தியிலும் அவர்களைப் பார்த்த நினைவு இல்லை. நான் எழுதிய மண்டியில் இதைக் கேட்டபோது, “உங்க வேலை கணக்கு எழுதறது” என்றார்கள். இப்போது அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

கடைசியாக, பட்டாசு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம், தீபாவளி வந்துகொண்டிருக்கிறது.

2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்தது. 9 பேர் போனார்கள். பக்கத்து ஓட்டலின் கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ஒரு தரப்பு, இல்லவே இல்லை என்று மறுதரப்பு, நாடாளுமன்றம் வரை வாக்குவாதம் போனது. காரணம் எதுவானாலும், ஜனங்கள் புழங்கும் தெருவில், ஓட்டலுக்கு ஒட்டினாற்போல அவ்வளவு வெடி எப்படி இருந்தது என்பதுதானே கேள்வி? அது முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. அக்டோபர் 7, ஓசூர் எல்லையைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளி. லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டி இறக்கும்போது தீ. மறுநாளே சாவு எண்ணிக்கை 14, பிறகு இன்னும் ஏறியது. இறந்தவர்களில் பலர் அரூர் பக்கத்து அம்மாபேட்டைப் பிள்ளைகள். கல்லூரியில் படித்துக்கொண்டே தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போனவர்கள். ஒரே ஊரிலிருந்து, ஒன்றாக, ஒருவரை ஒருவர் பார்த்துச் சேர்ந்து போனவர்கள்.

2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளை எடுத்துப் படித்தேன். மோசமான விதிகள் இல்லை, நல்ல விதிகள். பட்டாசுக் கடை கல், செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக, தரைத் தளத்தில் இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமல் 25 சதுர மீட்டருக்கு மிகாமல். மேலே ஆள் குடியிருக்கக் கூடாது. உள்ளே போக ஒரு வாசல், தப்பிக்கத் தனியாக ஒரு வாசல், அதன் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தற்காலிகக் கொட்டகை என்றால் கொட்டகைக்குக் கொட்டகை 3 மீட்டர், எதிரும் புதிருமாக இருக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு, நீங்கள் போன வருஷம் வெடி வாங்கிய கடையை ஒரு நிமிஷம் கண் முன் கொண்டுவாருங்கள்.

இதில் அந்த இன்னொரு கதவுதான் எல்லாம். பட்டாசுக் கடையில் தீப்பிடித்தால் வாசலில்தான் பிடிக்கும், லாரி நிற்பதும் பெட்டி குவிவதும் அங்கேதான். உள்ளே அடுக்கிக்கொண்டிருக்கும் பையனுக்குப் பின்பக்கம் வழி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆனால் சீசனில் அந்தப் பின்கதவின் முன்னால்தான் அட்டைப் பெட்டி அடுக்குவார்கள், ஏனென்றால் இடம் காசு. அத்திப்பள்ளிக்குப் பிறகு கர்நாடக அரசு ஊர்வலங்களிலும் கல்யாணங்களிலும் பட்டாசுக்குத் தடை போட்டது. வெடிக்கிறவருக்குத் தடை. பெட்டி இறக்குகிறவருக்கு என்ன மாறியது என்று தெரிந்தால் அம்மாபேட்டையில் போய்ச் சொல்லலாம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். சீசன் வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார், அனுப்பலாமா தம்பி என்று என்னிடம் கேட்க வந்தார். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்தக் காசு அவர்களுக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும். சில கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கடைக்கு உரிமம் யார் பெயரில், அதை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பின்கதவு உண்டா? பையன்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள், கடைக்குள்ளேயா? லாரியில் லோடு இறக்கும்போது கடையில் விற்பனை நடக்குமா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, எழுத்தில் தருவாரா?

அக்கா விடாமல் எல்லாவற்றையும் போனில் கேட்டிருக்கிறார். “சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்கம்மா, சாப்பாடு உண்டான்னு கேளுங்க. கதவு ஜன்னல் எல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றாராம் அந்த ஆள். பையன் இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறான். பட்டாசுக் கடையில் தருவதாகச் சொன்னதை விட நாளைக்கு இருநூறு ரூபாய் குறைவு. அக்காவுக்கு அந்த இருநூறு பெரிய தொகைதான், என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவும் செய்தார்.